தூளி, பாய், ஆட்டுக்கல்: துறுதுறு பிள்ளைக்கு வேளை தவறாமல் தர வேண்டியவை

மாலை நாலேகால். பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கிறது. பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம் பறக்க, பிள்ளை நேராக சோபாவில் ஏறிக் குதிக்கிறது. அங்கிருந்து கட்டில். கட்டிலிலிருந்து தம்பி மேல். "ஏண்டா சாமி இப்படிப் பண்ற?" என்றால் ஓடிப்போய்ச் சுவரில் முதுகால் மோதிக்கொள்கிறது. பக்கத்து வீட்டில் இதற்குப் பெயர் வாலு. அம்மாயி சொல்வது, "நீ செல்லங் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கற." டைரியில் டீச்சர் எழுதியிருப்பது, "ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்."

சோபா, கட்டில், தம்பி, சுவர் நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கிலும் மூட்டுக்கும் தசைக்கும் அழுத்தம் கிடைக்கிறது. அந்த உடம்பு அதைத்தான் தேடி அலைகிறது, பசித்த பிள்ளை சமையல்கட்டைச் சுற்றிச் சுற்றி வருவது மாதிரி. சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிறவர்களுக்காக, அந்தப் பசிக்கு எதை, எவ்வளவு, எந்த வேளையில் கொடுப்பது என்று எழுதுகிறேன். வேளையை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் என்ன பயிற்சி என்பதில் தவறு வருவதில்லை, எப்போது என்பதில்தான் வருகிறது. பிள்ளை கத்தி உருண்டு முடித்த பிறகு ஊஞ்சலில் உட்கார வைத்துப் பயனில்லை. கத்துவதற்கு அரை மணி நேரம் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் எல்லோருக்கும் தெரியும். ஓ.டி. என்று நாம் சொல்லும், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போனால் இன்னும் மூன்றைச் சொல்வார். உள்காதில் இருக்கும் சமநிலைப் புலன்: தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று சொல்வது. மூட்டு, தசைகளின் புலன்: கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறோம் என்று சொல்வது. மூன்றாவது உடம்புக்குள் நடப்பதைச் சொல்லும் புலன்: பசி, தாகம், ஒன்றுக்கு வருவது, உள்ளே சூடாக இருப்பது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று சேதியைக் குறைத்தோ கூட்டியோ சொன்னால், வெளியே நமக்குத் தெரிவது சேட்டையும் அடமும்தான். இதை ஒரு முறையாக வகுத்தவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 1960, 70களில் செய்த வேலை.

இதில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-ல், புலன் கோளாறு என்பதைத் தனி நோயாக எழுதிக் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள், அடியில் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), வளர்ச்சித் தாமதம், பதற்றம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்றது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, சத்தத்துக்கும் தொடுதலுக்கும் அளவுக்கு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதனால் "இவனுக்கு சென்சரி ப்ராப்ளம் மட்டும்தான்" என்று யாராவது சொன்னால் அதோடு திருப்திப்பட வேண்டாம். டாக்டரிடம் ஒருமுறை முழுதாகக் காட்டிவிடுங்கள். பேச்சு தாமதமானால் காது பரிசோதனை கட்டாயம். துறுதுறுப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து இருந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்து, அதாவது ஃபெரிட்டின் அளவு. குறட்டை விட்டால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை. மூன்று நாளுக்கு ஒருமுறை வெளிக்குப் போனால் மலச்சிக்கல். சொத்தைப் பல். இதெல்லாம் சாதாரண விஷயங்கள்தான், ஆனால் வாய் திறந்து "வலிக்குது" என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எல்லாமே அடமாகத்தான் வெளிவரும்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பதினான்கு நாள் எழுத வேண்டும். நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, எத்தனை நிமிடம், எப்படி அடங்கியது. "அடம் பிடித்தான்" என்று எழுதக் கூடாது, அது நம் முடிவு. "தரையில் படுத்து உதைத்தான், 12 நிமிடம், மின்விசிறியைப் போட்டதும் எழுந்தான்" என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு கலர் பேனாவால் நேரத்தை மட்டும் வட்டமிட்டால், அநேகமாக இரண்டு மூன்று இடங்களில் வட்டங்கள் குவிந்திருக்கும். பள்ளிக்குக் கிளம்பும் நேரம், வேன் இறங்கும் நேரம், சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து டிவியும் மிக்சியும் சேர்ந்து ஓடும் நேரம். அந்த வட்டங்களுக்கு முன்னால்தான் தீனி போட வேண்டும்.

தீனிகளில் முதலிடம் கனமான வேலைக்கு. தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, பிசைவது. மற்ற எதையும்விட இதில்தான் ஆபத்து குறைவு, அடக்கும் குணம் அதிகம். தூக்கச் சொல்லும் எடை பிள்ளையின் எடையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை இருக்கலாம். 16 கிலோ பிள்ளை என்றால் 800 கிராமிலிருந்து 1.6 கிலோ. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சமையல்கட்டிலிருந்து வாசல் செடி வரை கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவது, ஐந்து நடை. துணிக் கூடையை ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளுவது. தள்ளுவதற்கு அந்தப் பத்து சதவீதக் கணக்கு வேண்டாம், நகரும் அளவுக்குக் கனம் இருக்கலாம். கால் கிலோ கோதுமை மாவைப் பிசைவது ஐந்து நிமிட வேலை, ஆனால் மாவு கையில் ஒட்டுவதே பிடிக்காத பிள்ளையாக இருந்தால் முதலில் நீங்கள் பிசைந்து உருட்டி, எண்ணெய் தடவி, உருண்டையாகக் கையில் கொடுங்கள்.

மொட்டை மாடியிலோ கொல்லையிலோ சும்மா கிடக்கும் ஆட்டுக்கல்லைக் கழுவி எடுத்து வையுங்கள். ஊறிய உளுந்து ஒரு கைப்பிடி போதும். பிள்ளை இரண்டு கையாலும் குழவியின் தலையைப் பிடித்துச் சுற்றட்டும். மாவைத் தள்ளிவிடும் வேலை பெரியவர்களுடையது, பிள்ளையின் விரல் குழிக்குள் போகவே கூடாது. இரண்டு கையும் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி வட்டமாகச் சுற்றுகிறது, தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் வேலை, கல்லின் அதிர்வு வேறு. தெரபி சென்டரில் காசு கொடுத்துச் செய்யும் பயிற்சிகளில் பாதிக்கு இது சமம் என்பது என் கருத்து.

பாய் சுருட்டுவதும் அப்படித்தான். கோரைப்பாயை விரித்து, மேலே ஒரு போர்வை போட்டு, ஓரத்தில் பிள்ளையைப் படுக்க வைத்து மெல்ல உருட்டுவது. பாய் அக்குளுக்கு மேல் ஏறக் கூடாது, தலையும் கழுத்தும் இரண்டு கையும் வெளியில் இருக்க வேண்டும். பிள்ளை தானே உருண்டு வெளியே வர முடிகிற தளர்ச்சி இருக்க வேண்டும். "போதும்" என்றாலோ முகம் மாறினாலோ அந்த நொடியே அவிழ்த்துவிட வேண்டும். அடக்குவதற்காகவோ தண்டனையாகவோ பாயில் சுருட்டுவது கொடுமை, ஒருநாளும் செய்யக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் போதும்.

கனமான வேலையின் பலன் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கும் என்பது ஓ.டி.க்களின் நடைமுறைக் கணக்கு. அதனால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்ய வைப்பதைவிட, நாளுக்கு நாலைந்து தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் என்று பிரிப்பதுதான் பலன் தரும். காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டித் தலையணைகளை அடுக்குவது. கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன் சுவரைத் தள்ளுவது, "சுவர் விழப்போகுது, தள்ளு கண்ணு" என்று பத்து எண்ணிக்கை, மூன்று முறை. வேன் இறங்கியதும், ஷூவைக் கழற்றும் முன்பே, பையைப் பிள்ளையே மாடிக்குத் தூக்கி வருவது. இரவில் விளக்கைக் குறைத்துவிட்டு உள்ளங்காலையும் பாதத்தையும் அழுத்தித் தேய்ப்பது.

இனி தூளி. நம் வீடுகளில் பிறந்த நாளிலிருந்து பிள்ளைக்குத் தெரிந்த பொருள் இது. இதற்காக இழுபடும் லைக்ரா துணியில் செய்த வெளிநாட்டு ஊஞ்சல் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கைக்குழந்தைக்குக் கட்டிய தூளி நாலு வயதுப் பிள்ளைக்கு ஆகாது. 20 கிலோ பிள்ளை வேகமாக வீசி ஆடும்போது கொக்கியில் விழும் இழுப்பு அதன் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு போகும். மின்விசிறிக் கொக்கி, ஜன்னல் கம்பி, கதவு நிலை, ஓட்டு வீட்டுப் பழைய உத்திரம் எதிலும் கட்டாதீர்கள். கான்கிரீட் தளத்தில் ஊஞ்சலுக்கென்றே போட்ட கொக்கி வேண்டும், 150 கிலோவாவது தாங்க வேண்டும். கட்டிய பின் வீட்டிலேயே கனமான ஆள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை ஏற்ற வேண்டும்.

சேலை நூல் சேலையாக இருக்கட்டும். பட்டிலும் பாலியெஸ்டரிலும் முடிச்சு நழுவும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், இழை இழையாகத் தெரிந்தால் அது துடைக்கத்தான் லாயக்கு. இரண்டாக மடித்துக் கட்டி, பிள்ளை உட்கார்ந்ததும் அடிப்பகுதி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிற்கிற மாதிரி வையுங்கள். கீழே மெத்தை. ஒரே கொக்கியில் தொங்கினால் தூளி சுழலும், இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு கொக்கி போட்டால் முன்னும் பின்னும் மட்டும் ஆடும். வீட்டுக்கு இரண்டு கொக்கிதான் சரி. முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடுவது நரம்பை அடக்கும். கரகரவென்று சுற்றுவது கிளப்பிவிடும், அந்தக் கிளர்ச்சி மணிக்கணக்கில் இறங்காமல் இருக்கவும் கூடும். நிதானமான ஆட்டத்தில் நூறு எண்ணினால் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் ஆகும். அப்படி நூறு, ஒரு சின்ன இடைவெளி, இன்னொரு நூறு. முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, கொட்டாவியோ விக்கலோ வந்தாலோ, சிரிப்பு நிற்காமல் போனாலோ நிறுத்திவிடுங்கள். ஃபிட்ஸ் உள்ள பிள்ளையாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தூளிப் பயிற்சியே வேண்டாம். பெரியவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து மேலே சுருட்டி வைத்துவிடுங்கள். துணி கழுத்தில் சுற்றுவதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

"தூளியில ஆட்டினா இன்னும் ஜாஸ்தியாக் குதிக்கிறான்" என்று நிறைய அம்மாக்கள் சொல்வார்கள். ஆட்டத்தோடு விட்டுவிடுவதுதான் காரணமாக இருக்கும். ஆடி இறங்கியதும் கனமான வேலை ஒன்று வர வேண்டும், தூளிக்குப் பின் ஆட்டுக்கல் அல்லது பாட்டில் நடை. இன்னொரு தவறு, கத்த ஆரம்பித்ததும் தூளியில் போடுவது. கொஞ்ச நாளில் கத்தினால் தூளி கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். மூன்றாவது, ஒரே வாரத்தில் பத்துப் பயிற்சிகளையும் தொடங்குவது. எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைப் பிடித்து இரண்டு வாரம் விடாமல் செய்து நோட்டில் பாருங்கள், பிறகு அடுத்தது.

ஒரே பிள்ளை ஒரு புலனில் தேடும், இன்னொன்றில் ஓடும். நாள் முழுக்கக் குதிக்கிற அதே பிள்ளை தலையில் ஒரு சொம்பு தண்ணீர் பட்டால் ஊரைக் கூட்டும். எண்ணெய்க் குளியல் நாளில் வீடே போர்க்களமாகும். இதில் பெரும்பாலும் பிரச்சினை தண்ணீர் அல்ல, தலையைப் பின்னால் சாய்ப்பது. சமநிலைப் புலன் அதிகமாகச் சேதி சொல்லும் பிள்ளைக்குத் தலை பின்னால் போனால் கிணற்றுக்குள் விழுகிற பயம். சாய்த்துப் பிடித்து, மேலே பார்க்கச் சொல்லி, சீயக்காயும் கண்ணில் பட்டால் அடுத்த வாரம் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே ஓட்டம்தான்.

முக்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள், இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். எண்ணெயை விரல் நுனியால் தடவாதீர்கள், லேசான தொடுதல் கூசும், எரிச்சல் ஊட்டும். உள்ளங்கை முழுவதையும் வைத்து உச்சியிலிருந்து பிடரிக்கு அழுத்தி இழுங்கள். நாலாக மடித்த துண்டைப் பிள்ளையே நெற்றியில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும், கண் கீழே, கால் கட்டைவிரலைப் பார்க்கட்டும். தண்ணீரைப் பிடரிப் பக்கமிருந்து ஊற்றுங்கள். முதல் சொம்பு தோளில், அடுத்தது முதுகில், அதற்குப் பிறகுதான் தலை. "ஏழு சொம்பு கண்ணு. இது நாலு. இன்னும் மூணுதான்" என்று எண்ணிச் சொல்லுங்கள். ஏழு என்று சொல்லிவிட்டு எட்டாவது ஊற்றவே கூடாது, தலையில் நுரை மிச்சம் இருந்தாலும் சரி. அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் மீட்க மாதக்கணக்கில் ஆகும். அரப்பு, சீயக்காயின் சொரசொரப்பு பிடிக்கவில்லை என்றால் சன்னமாகச் சலித்துக் கரைத்துத் தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

மொட்டையும் காதுகுத்தும் இதைவிடப் பெரிய பரீட்சை. குலதெய்வக் கோயில், மேளம், சொந்தக்காரக் கூட்டம், பழக்கமில்லாத கைகள், ஈரத் தலையில் பிளேடு, எல்லாம் ஒரே மணி நேரத்தில். நேர்த்திக்கடனை விட முடியாது என்கிற வீடுகளில் பூ முடி கொடுப்பது பலருக்கும் தெரிந்த வழி. நாலு முடியை வெட்டிக் காணிக்கை செலுத்திவிடலாம். முழு மொட்டைதான் என்றால், விசேஷ நாள் வேண்டாம், சாதாரணக் கிழமை விடியற்காலை போங்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே ஈரக் கைக்குட்டையைத் தலையில் வைத்து எடுத்துப் பழக்குங்கள். முடி வழித்த பிறகு சட்டைக்குள் விழுந்த துணுக்குகள்தான் நாள் முழுக்கக் குத்தும், மாற்றுச் சட்டை இரண்டு வேண்டும். காதுகுத்தை ஒத்திப்போட முடிந்தால் ஒத்திப்போடுங்கள். கம்மலைப் பிடித்து இழுக்கிற பிள்ளைக்குக் காது மடல் கிழியும். மாமா மடியில் இரண்டு வருஷம் கழித்து உட்கார்ந்தாலும் அந்த உறவு எங்கும் போய்விடாது.

சத்தத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில், அந்தத் தறிச் சத்தத்தில் அயர்ந்து தூங்கும் பிள்ளை கரண்ட் போனதும் திடுக்கிட்டு எழுந்து அழும். தொடர்ந்து ஒரே மாதிரி வரும் சத்தம் பிள்ளைக்குச் சுவர் மாதிரி. அது திடீரென்று நிற்பதும், திடீரென்று குக்கர் விசில் வருவதும்தான் தாக்குதல். பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்றைத் தலைமாட்டில் எப்போதும் ஓட விடுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை "தறிச் சத்தத்துல கேக்கலை" என்று விட்டுவிடாதீர்கள், காது பரிசோதனைக்கு அதுவே காரணம். மிக்சியின் அடியில் மடித்த துண்டு, பட்டனைப் பிள்ளையின் விரலாலேயே அழுத்த வைப்பது, விசிலுக்கு முன் "இப்ப கத்தும்" என்ற ஒரு வார்த்தை, இந்த மூன்றே பெரிய வித்தியாசம் செய்யும். காதை மூடும் ஹெட்போனைக் கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் நாள் முழுக்க மாட்டினால் காது இன்னும் கூச்சப்படும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் மேளம் நெஞ்சில் அதிரும், அதை ஹெட்போன் தடுக்காது. அம்மனைப் பார்க்க அதிகாலைதான் வேளை.

கொலுசும் அப்படித்தான். சேலத்து வெள்ளிக் கொலுசின் ஒலி சில பிள்ளைகளை ஒவ்வொரு அடிக்கும் துரத்தும். சலங்கை மணிகளைக் கழற்றித் தரச் சொன்னால் பட்டறையில் அது சின்ன வேலைதான். அதே சமயம், கண் அசந்தால் தெருவுக்கு ஓடிவிடும் பிள்ளைக்கு மணிக் கொலுசு நமக்கு ஒரு காவல், பிள்ளைக்குத் தொந்தரவில்லை என்றால் விட்டுவையுங்கள். ஓடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: தண்ணீர். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு. மரவள்ளிக் காட்டுக்குள் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, ஏரி, திறந்த சம்ப். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் ஓட வேண்டியது பக்கத்துத் தண்ணீருக்கு, பிறகுதான் தெருவுக்கு. கதவுத் தாழ்ப்பாள் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். சட்டையின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழந்தை உதவி எண் 1098.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிசைந்த சோறு ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஒன்றில் வெங்காயம், ஒன்றில் கடுகு, ஒன்றில் கட்டி. இட்லி எல்லா வாயிலும் ஒரே மாதிரி. அதனால்தான் இட்லியை மட்டுமே தின்னும் பிள்ளைகள் உண்டு. அதை விட்டுப் புதிதாகத் திணிக்காமல், இட்லியிலிருந்தே ஒரு அடி நகருங்கள்: கேரட் சீவல் கலந்த இட்லி, பிறகு அதே மாவில் மெத்தென்ற ஊத்தப்பம், பிறகு தோசை. ஒரு புதுப் பண்டத்தைப் பத்துப் பதினைந்து தடவை தட்டின் ஓரத்தில் சும்மா வைத்து எடுக்க வேண்டியிருக்கும். கடிக்கத் தேடும் பிள்ளைக்கு, சட்டைக் காலரைச் சவைக்கிற பிள்ளைக்கு, நம் ஊர்த் தட்டுவடை நல்ல தாடை வேலை. வேன் இறங்கியதும் இரண்டு தட்டுவடை, கூடவே கேரட், பீட்ரூட் துருவல். நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழு நிலக்கடலை, கடலை மிட்டாய், கெட்டியான துண்டுகள் வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். ஜவ்வரிசியைத் தாம்பாளத்தில் கொட்டி விளையாட விடுவது இங்கே பலர் செய்வது. அது மூக்கிலும் காதிலும் போனால் ஈரத்தில் ஊதும், தரையில் சிதறினால் வழுக்கும். கேழ்வரகு அதைவிடத் தேவலை, அதுவும் கண் பார்வையில் இருக்கும்போது மட்டும்.

ஏற்காட்டுக்குப் போவது பல வீடுகளில் முதல் தோல்வியாக முடிகிற சுற்றுலா. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, தலை இருபது தடவை திரும்புகிறது. தேடும் பிள்ளை மேலே போய்ச் சேரும்போது கட்டுக்கடங்காது, பயப்படும் பிள்ளை ஐந்தாவது வளைவிலேயே வாந்தி எடுக்கும். கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன் லேசான சாப்பாடு. வண்டியில் போன் கொடுக்காதீர்கள். கண் ஒன்றும் உள்காது ஒன்றும் சொல்லக் குமட்டல் கூடும். ஓர் அட்டையில் இருபது கட்டம் போட்டுக் கொடுங்கள், வளைவு தாண்டும்போதெல்லாம் ஒரு டிக். இன்னும் எத்தனை என்று கண்ணுக்குத் தெரிந்தால் பாதி பதற்றம் போய்விடும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை, அகலமான இடத்தில் நிறுத்தி, தரையில் நின்று வண்டியைத் தள்ளுகிற மாதிரி பத்து எண்ணிக்கை. குரங்கு இருக்கும் இடத்தில் தின்பண்டத்தோடு இறங்க வேண்டாம். காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம், இறக்கத்தில் எதையாவது சவைக்கவோ உறிஞ்சவோ கொடுங்கள். சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். மழை நின்ற பிறகு, வார நாளில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஏற்றத்தில் நடக்க வைப்பதே பெரிய தெரபி. புது ஸ்வெட்டரை அங்கே போய்ப் போட்டுப் பார்க்காதீர்கள். நாலைந்து தடவை துவைத்து, சேலத்திலேயே விடியற்காலையில் போட்டுப் பழக்கி எடுத்துப் போங்கள். கழுத்து லேபிளை வெட்டும்போது அடிக்கட்டை மிஞ்சினால் முன்பைவிட அதிகமாகக் குத்தும், தையலைப் பிரித்து எடுக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் வெடிப்பு வரும். அந்த நேரத்தில் கேட்டது கிடைத்தும் அடங்கவில்லை, யாரும் பார்க்காதபோதும் நிற்கவில்லை என்றால் அது அடம் அல்ல, உடம்பு தாங்காமல் போனது. பேச்சைக் குறையுங்கள், "அம்மா இருக்கேன்" போதும். விளக்கை, டிவியை, ஆட்களைக் குறையுங்கள். தலையை மோதினால் பிடித்து இழுக்காமல் தலைக்கும் தரைக்கும் நடுவில் தலையணையை நுழையுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பக்கவாட்டில், ஒரு கை எட்டும் தூரத்தில் தரையில் உட்காருங்கள். சத்தம் நின்ற பிறகும் உடம்பு தணிய இருபது முப்பது நிமிடம் ஆகும், அதற்குள் "ஏன் பண்ணினே" என்று ஆரம்பித்தால் இரண்டாவது சுற்று வரும். மேஜைக்குக் கீழே பழைய சேலையைத் திரையாகக் கட்டி ஒரு மூலை வைத்திருந்தால், சில மாதங்களில் பிள்ளை தானாகவே அங்கே போகக் கற்றுக்கொள்ளும். அந்த மூலைக்குத் தண்டனையாக ஒருநாளும் அனுப்பக் கூடாது.

உதவி கேட்கும் இடங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், வளர்ச்சித் தாமதப் பரிசோதனைக்கு என்று கேளுங்கள். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள பிள்ளைக்கு ஆட்டிச அறிகுறிகளைப் பார்க்கும் எம்-சாட் என்ற இருபது கேள்விப் படிவம் உண்டு, அது முதல் சல்லடைதான், முடிவு அல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்துவிடுங்கள், "முத்திரை குத்திடுவாங்க" என்ற பயத்தில் தள்ளிப்போடுவதால் பிள்ளைதான் இழக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

மந்திரிப்பதும் தாயத்தும் வீட்டு நம்பிக்கை, அதோடு டாக்டரிடமும் போனால் சரி. ஆனால் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் என்றோ, உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும் கீலேஷன் என்றோ யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதலாவதுக்கு ஆதாரம் இல்லை, இரண்டாவதில் உயிரே போகலாம். தொடுதல் கூச்சம் போகும் என்று வீடியோ பார்த்துத் தோலை பிரஷால் தேய்ப்பதும் வேண்டாம். கனத்த போர்வையைச் சின்னப் பிள்ளைக்குப் போர்த்தித் தூங்க வைப்பது ஆபத்து, நம் ஊர் வெயிலுக்குத் தேவையும் இல்லை.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் வகுப்பு டீச்சருக்கு அரைப்பக்கத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். நோயின் பெயர், ரிப்போர்ட், வரலாறு எதுவும் அதில் வேண்டாம், நாற்பது பிள்ளைகளை வைத்திருப்பவருக்குப் படிக்க நேரம் இருக்காது. நாலே வரி. மணி அடிக்கும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம். உட்காரும்போது பாதம் தரையில் படாவிட்டால் அடியில் ஒரு மரக்கட்டை வைக்க அனுமதியுங்கள். காதை மூடிக்கொண்டால் திட்டாமல் இரண்டு நிமிடம் வராண்டாவில் நிற்க விடுங்கள். பதினொரு மணி வாக்கில் திருத்திய நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய் வைக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள்.